ஸ்வதேசம் எது?

பிறந்த நாட்டைக் குறிக்க நம் மொழிகளில் சொற்கள் பல உள்ளன. தாயகம், ஜன்மபூமி, மாத்ருபூமி, ஸ்வதேசம், கர்மபூமி என்று அவை நீளும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றே எனத் தோன்றும். ஆனால் இச்சொற்கள் ஒவ்வொன்றும் நம்மிடம் வெவ்வேறு விதமான உறவைக் கோருகின்றன.

ஜன்மபூமி நாம் தேர்ந்தெடுக்காதது. தாயைப்போல் தானாகக் கிடைத்தது. பெற்ற தாயையும் பிறந்த மண்ணையும் சுவர்க்கத்தினும் மேலாக வைக்கும் வடமொழி வாக்கியம் ஒன்று நேபாள நாட்டின் அரசு இலச்சினையில் இடம்பெற்றுள்ளது. இலங்கையை வென்ற ஸ்ரீராமபிரான் இலக்குவனிடம் கூறியதாக அதைச் சொல்வார்கள். வால்மீகி ராமாயணத்தின் எல்லாப் பதிப்புகளிலும் அது காணப்படுவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

மண்ணைத் தாய் என்று அழைப்பது மிகப் பழைய வழக்கம். அதர்வ வேதத்தின் 12-ஆம் காண்டத்தில் 63 மந்திரங்கள் கொண்ட பூமி சூக்தம் இருக்கிறது. அதில் ரிஷி தம்மைப் புவியின் மகனாகக் கூறிக்கொள்கிறார். பல மொழிகள் பேசி, பல தர்மங்களைப் பின்பற்றும் மக்களை ஒரே இல்லத்தில் வாழ்பவரைப்போல் அவள் தாங்குகிறாள் என்று போற்றுகிறார். அங்கே தாய் என்பது எல்லைக்கோடு இல்லாத பூமி முழுவதும்தான்.

நாட்டின் திருவுருவாகத் தாய் நம் கண்முன் வந்தது பிற்காலத்தில். வங்கப் பிரிவினை நிகழ்ந்த 1905-ஆம் ஆண்டில் அவனீந்திரநாத் தாகூர் பாரத மாதா ஓவியத்தைத் தீட்டினார். அவளது நான்கு கரங்களில் நெற்கதிர், சுவடி, வெண்துகில், ஜபமாலை ஆகியவை உள்ளன. உணவு, கல்வி, உடை, ஆன்மிகம் ஆகிய நான்கையும் தருபவள் என்பது குறிப்பு. அவள் அணிந்திருப்பது அரசியின் பட்டாடை அன்று, துறவியின் காவி. அந்நாளைய போராட்டச் சூழலில் ஆயுதம் ஏதுமின்றி அவளைத் தீட்டியது வியப்புக்குரியது.

ஸ்வதேசம் என்ற சொல்லில் 'ஸ்வ' என்பது 'தனது' எனப் பொருள்படும். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் பெயரிலும் இச்சொல் ஒலித்தது. இதற்கு எதிர்ச்சொல் பரதேசம். வேற்று நாட்டவன் என்ற பொருளுடைய 'பரதேசி' தமிழில் ஊர் ஊராய்த் திரியும் துறவியையும், பிறகு இரந்துண்பவனையும் குறிக்கலாயிற்று. சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வீட்டைத் துறந்தவனுக்கு ஸ்வதேசம் உண்டா? ஆதிசங்கரர் அருளியதாகப் போற்றப்படும் அன்னபூர்ணாஷ்டகத்தின் நிறைவுப் பகுதி இதற்கு விடை தருகிறது. பார்வதியைத் தாயாகவும், மகேசுவரனைத் தந்தையாகவும், சிவனடியார்களைச் சுற்றத்தாராகவும் கொண்ட பக்தன், மூவுலகையும் ஸ்வதேசம் என்கிறான். 'எனது' என்பதை அவன் விட்டுவிடவில்லை. எதுவும் வெளியே நிற்காத அளவுக்கு அதை விரித்துவிட்டான்.

ஆயினும் மூவுலகும் தமதான அந்த மகானை, அன்னையின் இறுதிக்காலத்தில் காலடி கிராமம் திரும்ப அழைத்தது. சந்நியாசிக்கு விதிக்கப்படாத ஈமக்கடனைத் தாமே செய்தார் என்று மரபு கூறுகிறது. உறவினர் துணை நிற்கவில்லையாம். பரந்த ஸ்வதேசம் சிறிய ஜன்மபூமியின் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை.

எஞ்சியிருப்பது கர்மபூமி. கடலுக்கு வடக்கிலும் இமயத்திற்குத் தெற்கிலும் உள்ள பாரத வர்ஷத்தை விஷ்ணு புராணம் கர்மபூமி என்றும், பிறவற்றைப் போகபூமி என்றும் வகுக்கிறது. இதைப் பெருமைக்காக மேற்கோள் காட்டுவோர் பலர். கர்மம் செய்யாதவனுக்கு அந்தப் பெருமையில் பங்கு ஏது?

அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் 1898-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் வந்திறங்கினார். மார்ச் மாதத்தில் சுவாமி விவேகானந்தர் அவருக்கு பிரம்மசரிய தீட்சை அளித்து நிவேதிதை எனப் பெயரிட்டார். மறு ஆண்டு அந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. குப்பை மண்டிய வீதியைப் பெருக்க ஆள் கிடைக்காதபோது நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த அத்தெரு இளைஞர்கள் வெட்கித் தலைகுனிந்து, அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டனர்.