கைக்குப் பொருந்தும் துப்பாக்கி: முதல் ஏர் பிஸ்டல் வாங்கும் முன்

மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. சென்னையில் ஒரு பயிற்சி முகாமில் ஏர் பிஸ்டல் சுட்டுப் பார்த்திருக்கிறாள், பிடித்துவிட்டது. "அண்ணே, எந்தக் கம்பெனி துப்பாக்கி நல்லதுன்னு சொல்லுங்க. பி.எஃப்.ல கொஞ்சம் எடுத்து வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். கம்பெனிப் பெயரைச் சொல்வதற்கு முன்னால், பாப்பாவை வலது கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னேன். சின்னக் கை, நீளமான விரல்கள். முகாமில் அவளுக்குக் கொடுத்தது பெரியவர்கள் பிடிக்கும் துப்பாக்கி. டிரிகரை எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்பியே சுட்டுப் பழகியிருந்தாள்.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். லட்சங்களில் விலை போகும் பொருள் இது. தவறாக வாங்கினால் பணம் மட்டும் போகாது, பிள்ளையின் கைப்பழக்கமும் கெட்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 4.5 மில்லிமீட்டர் பெல்லட் சுடுவது. அங்குலக் கணக்கில் .177. இந்த விட்டத்துக்குள், 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத்துப்பாக்கிக்கு நம் நாட்டில் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் 6 ஜூல் அளவுதான். ஆனாலும் அடையாளச் சான்று கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டு போகும்போது பெட்டியில் பூட்டி, பில்லையும் துப்பாக்கிச் சுடுதல் சங்க உறுப்பினர் அட்டையையும் கூடவே வையுங்கள்.

உரிமம் வேண்டாம் என்பதால் இது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. அரை கிராம் ஈயம் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் வருகிறது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். பழவேற்காடு நமக்குப் பக்கம். ஏரிப் பறவையைக் குறிபார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால் அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலர் பாதுகாப்புக்காக ரிவால்வர் வாங்குவது பற்றிக் கேட்கிறார்கள். அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ், 21 வயது நிரம்பியவர் தகுந்த காரணம் காட்டி உரிமம் பெறும் விஷயம். இந்தக் கட்டுரை இலக்குச் சுடுதலைப் பற்றியது மட்டுமே.

மூன்று வகை, மூன்று விதம்

முதலாவது, கையால் அழுத்தும் வகை. ஸ்பிரிங்கை இழுத்துச் சுடுவதும், நெம்புகோலை ஒருமுறை அழுத்திக் காற்றை அடைத்துச் சுடுவதும் இதில் சேரும். விலை குறைவு. சிலிண்டர், பம்ப் என்ற தொல்லை இல்லை. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கி பெல்லட் குழலைவிட்டுப் போவதற்குள்ளேயே உதறும், அதனால் பிழை கையுடையதா கருவியுடையதா என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒருமுறை அழுத்தும் வகை உதறாது. ஆனால் ஒரு போட்டியின் 60 குண்டுக்கு 60 முறை நெம்புகோலை இழுத்தால் பதின்மூன்று வயதுத் தோள் தாங்காது.

இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடு வகை. ஒரு காலத்தில் போட்டிகளில் நிறையப் பார்த்தோம். இந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காலையில் சரிசெய்த குறி மதியம் வேறு இடத்தில் விழும். இன்று புதிதாக வாங்குபவருக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, முன்பே அடைத்த காற்றுச் சிலிண்டர் வகை. பி.சி.பி. என்பார்கள். உதறல் ஏறக்குறைய இல்லை, ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போகும். சர்வதேசப் போட்டிகளில் இன்று இதுதான். ஸ்டெயர், மொரினி, பர்தினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் இந்த வகையில் வருபவை. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதையே வாங்குங்கள். பணம் போதவில்லையா? கையால் அழுத்தும் வகையை வாங்கி இரண்டு வருடத்தில் மாற்றுவதைவிட, கிளப் துப்பாக்கியில் சுட்டுக்கொண்டு பணம் சேர்ப்பது நல்லது.

காற்றுக்கு எங்கே போவது

மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வாசகர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று அடைக்கிறோம். பட்டறை கம்ப்ரெசர் பொதுவாக 8, 10 பாரோடு நின்றுவிடும், அதனால் பயனில்லை. "கேஸ் கட்டிங் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கே, அதுல 150 பார் இருக்குமே" என்று ஒரு வெல்டர் தம்பி என்னிடம் கேட்டார். அது ஆக்சிஜன். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டாலே தீப்பிடித்து வெடிக்கும். துப்பாக்கியின் வால்விலும் சீலிலும் பசை இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் ஆக்சிஜன் அடைக்காதீர்கள்.

மீதி இருப்பது இரண்டு வழி. கிளப்பில் இருக்கும் பெரிய காற்றுச் சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம், அல்லது உயர் அழுத்தக் கைப்பம்ப் வாங்கலாம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். கைப்பம்ப் என்றால் ஈரம் வடிகட்டும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய்த் துரு ஏறும். ஒருமுறை நிரப்பினால் நூறு குண்டுக்கு மேல் வரும் என்பதால் வாரம் இரண்டு நாள் சென்னைக்கு ரயிலேறிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குக் கிளப் சிலிண்டரே போதும். உப்புக்காற்றுக்காக இன்னொன்று: வீட்டில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.

கைப்பிடிதான் முதல்

பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை 10 மீட்டர் தள்ளி நின்று, ஒரே கையால், எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். அந்தக் கையும் துப்பாக்கியும் சேரும் இடம் கைப்பிடி. கம்பெனியைவிட, விலையைவிட இதுதான் முக்கியம்.

கைப்பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுகளிலும், வலக்கை, இடக்கை என்று தனித்தனியாகவும் வரும். கடையிலோ கிளப்பிலோ இப்படிச் சோதியுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இலக்குப் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன்குறி பின்குறியின் இடுக்கில் நடுவில் நின்றால் அந்தக் கைப்பிடி உங்களுடையது. இடமோ வலமோ ஒதுங்கினால், மேலோ கீழோ போனால், கை அதைத் திருத்தப் பார்க்கும். அறுபது குண்டும் அந்தத் திருத்தலிலேயே போகும்.

அடுத்து ஆள்காட்டி விரல். அதன் முதல் கணுவின் சதைப்பகுதி டிரிகரில் நேராக உட்கார வேண்டும், விரலின் பக்கம் கைப்பிடியின் மரத்தில் உரசக்கூடாது. உரசினால் இழுக்கும்போது குழல் ஒரு பக்கம் நகரும். கீழே உள்ளங்கைத் தட்டு கையை இறுக்கக்கூடாது, மணிக்கட்டு விதிப்படி சுதந்திரமாக இருக்க வேண்டும். சின்னக் குறை இருந்தால் மர மக்கும் அரமும் கொண்டு சரிசெய்யலாம், அனுபவமுள்ள பயிற்சியாளரை வைத்துச் செய்யுங்கள். அளவே தவறு என்றால் கைப்பிடியை மாற்றத்தான் வேண்டும். வளரும் பிள்ளைக்கு, டிரிகரை முன்னும் பின்னும் நகர்த்த முடியும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள். கை வளர வளர அதையே சரிசெய்துகொள்ளலாம்.

இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடக்கைக் கைப்பிடிதான். "வலக்கைதான் எளிதில் கிடைக்கும்" என்று கடையில் சொன்னாலும் இணங்காதீர்கள். குறிபார்க்கும் கண் எது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கையால் ஒரு சிறு ஓட்டை செய்து அதன் வழியாகத் தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடியதும் பொருள் மறைந்தால், மூடிய கண்தான் உங்கள் வலுவான கண்.

எடை

விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1500 கிராம் வரை இருக்கலாம். பெரியவர்கள் பிடிப்பது பெரும்பாலும் ஒரு கிலோ அளவில். கனம் அதிகம் என்றால் நடுக்கம் குறையும் என்பது உண்மைதான், தோள் தளராத வரைக்கும். தகுதிச் சுற்றில் மின்னணு இலக்கில் 60 குண்டுக்கு 75 நிமிடம். 2018 முதல் பெண்களுக்கும் 60 குண்டுதான், முன்பு 40 இருந்தது. அதனால் முதல் குண்டின் அமைதியைப் பார்க்காமல், ஐம்பதாவது குண்டின் அமைதியைப் பாருங்கள்.

கடையில் காலித் துப்பாக்கியைப் பத்து நொடி உயர்த்தி, இருபது நொடி இறக்கி, இருபது முறை செய்யுங்கள். கடைசி ஐந்தில் முன்குறி துள்ளினால் அந்த எடை உங்களுக்கு இப்போது அதிகம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குழல் குட்டையான, எடை குறைந்த மாடல்கள் இருக்கின்றன. பிறகு எடைத் துண்டுகள் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பது எளிது, குறைப்பதுதான் முடியாது.

டிரிகர்: மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா

டிரிகரின் இழுவை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். போட்டியில் எடைக்கல் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள், கல் மேலே எழும்பாவிட்டால் அந்தத் துப்பாக்கி தேறாது. சரியாக 500இல் வைக்காமல் சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் டிரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழும், வீட்டில் காலியாகச் சுட்டுப் பழகவும் வசதி. ஆனால் பேட்டரி இருக்கிறது, சர்க்யூட் இருக்கிறது, பழுதானால் நம் ஊரில் சரிசெய்வது கடினம். மெக்கானிக்கல் டிரிகர் தெரிந்த கை இருந்தால் சரிசெய்யலாம். தொடங்குபவருக்கு நான் மெக்கானிக்கல் வகையைத்தான் சொல்வேன்.

எவ்வளவு உயர்ந்த கருவியும் பழுதாகலாம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் நடுவில் துப்பாக்கி பழுதாகி, நேரம் போய், 575 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் நின்றார். 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்று, சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வாங்கினார். கருவி கைவிட்ட இடத்திலிருந்து பயிற்சிதான் அவரை மேலே கொண்டு வந்தது.

பழைய துப்பாக்கி வாங்கலாமா

வாங்கலாம். நல்ல பி.சி.பி. துப்பாக்கி பல வருடம் உழைக்கும். முதலில் சிலிண்டரில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குப் பத்து ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறார்கள், காலாவதியானது போட்டியில் செல்லாது. புது சிலிண்டர் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். இரவு நிரப்பி வைத்து, காலையில் அழுத்தமானி முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சீல் கசிகிறது. எந்த அளவுக் கைப்பிடி என்று கேட்க மறக்காதீர்கள்.

.22 எப்போது

25 மீட்டர் போட்டிக்கு .22 விட்டத்துப் பிஸ்டல் வேண்டும். அது வெடிமருந்துத் துப்பாக்கி. உரிமம் வேண்டும், தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும், சுடுவதற்கு முறையான ரேஞ்ச் வேண்டும். டிரிகர் 1000 கிராம். ஏர் பிஸ்டலில் ஸ்கோர் நிலைத்து, மாநிலப் போட்டி பார்த்த பிறகு, கிளப்பின் வழிகாட்டலோடு யோசித்தால் போதும்.

என் முடிவு

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். சென்னையில் ஒரு கிளப்பில் சேர்ந்து, அங்கே இருக்கும் இரண்டு மூன்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுடுங்கள். பிறகு கைப்பிடி, எடை, டிரிகர், விலை என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். வாங்கிய நாளிலிருந்து குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி, பெட்டியில் பூட்டு, சாவி பெற்றோர் கையில். ஈயம் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

அந்த அப்பா பி.எஃப். பணத்தை இன்னும் எடுக்கவில்லை. பாப்பா இப்போது கிளப்பின் எடை குறைந்த பிஸ்டலில் சிறிய கைப்பிடி போட்டுச் சுடுகிறாள். மணிக்கட்டு நேராக நிற்கிறது.