நீர் புகும் வாசல்

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. அங்கு இருப்பவை போன்ற அலையாத்திக் காடுகளில் நண்டுண்ணித் தவளை வாழ்கிறது. உப்புநீரில் விட்டால் மற்றத் தவளைகள் தோல்வழியே உடல்நீரை இழந்து மடியும். இத்தவளையோ கழிவாக வெளியேற வேண்டிய யூரியாவை இரத்தத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு பிழைக்கிறது!

கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வைக் கடந்து செல்லும். இதுவே சவ்வூடு பரவல். மனிதனின் சிவப்பணுவும் இதற்கு விலக்கன்று. தூய நீரில் இட்டால் அது ஊதி வெடிக்கும். கடல்நீரில் இட்டால் சுருங்கும். ஆகவேதான் மருத்துவமனையில் நோயாளியின் இரத்தத்தில் வெறும் நீரை ஏற்றுவதில்லை. லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீரையே ஏற்றுகின்றனர்.

சிவப்பணுவுக்குள் நீர் இத்தனை விரைவாகப் புகுவது எப்படி? அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் ஏக்ரே அதன் சவ்வில் ஒரு புரதத்தைக் கண்டார். அப்புரதத்தைத் தவளை முட்டைகளில் உருவாகச் செய்து, அவற்றை நீர்த்த கரைசலில் இட்டனர். சாதாரண முட்டைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. புரதம் கொண்டவை சில நிமிடங்களில் வெடித்தன. நீருக்கென்றே அமைந்த நுண்குழாய் அது என்பது 1992இல் உறுதியானது. 2003இல் ஏக்ரே வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கோழியின் சிவப்பணுவில் நீர் மெதுவாகவே புகும். ஒட்டகத்தின் கதை வேறு. பல நாள் தாகத்திற்குப் பின் அது ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும். இரத்தம் நீர்த்தாலும் அதன் நீள்வட்டச் சிவப்பணு இருமடங்குக்கு மேல் ஊதித் தாங்கும். மனிதச் சிவப்பணு அதற்கு முன்பே உடைந்துவிடும்.