வெல்வெட் இலைக் கலஞ்சோ

கேள்வி: மாடித் தொட்டியில் வளர்க்கும் வெல்வெட் இலைக் கலஞ்சோவின் அடியிலைகள் உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா?

பதில்: முற்றிய அடியிலை உதிர்வது இதற்கு இயல்பு; காம்பு இருந்த இடத்தில் தழும்பு நிற்கும், தண்டு மரமாகும். இலை மஞ்சளாகிக் கொழகொழவென்று தொங்கினால் மட்டும் தண்ணீர் அதிகம் என்று பொருள். மடகாஸ்கரின் தெற்கே வறண்ட முட்காட்டில் 3 மீட்டர் உயரம் வளரும் செடி இது. நம் ரணகள்ளிக்கு உறவு. செம்மண்ணில் சரிபாதி ஆற்றுமணல் கலந்து, மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். இலைமேல் ஊற்றவே வேண்டாம். இலைமேல் உள்ள பழுப்பு ரோமம்தான் வெயிலிலிருந்து இலையைக் காக்கிறது. ஆசைக்காகத் தடவித் தடவி அதை உதிர்த்துவிடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் கூரையடிக்கு நகர்த்துங்கள். முற்றிய இலையின் நரம்பைக் கீறி மணலில் கிடத்தினால் கன்று முளைக்கும். ஆடு மாடு கடிக்க விடாதீர்கள். இதயத்தைத் தாக்கும் நஞ்சு இதில் உண்டு.