சரியான பிறகும் எதற்கு மாத்திரை?

அன்பு மகள் கயல்விழிக்கு,

மாத்திரை இலவசம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது, அப்படியும் ஏன் பிரஷர் 180, 190 என்று வந்து நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அக்கறையில்லாத ஜனங்கள் என்று உன் சீனியர்கள் சொல்வதை நம்பாதே.

140/90ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். ஆனால் 170 உள்ளவரும் வயலில் களை எடுத்துக்கொண்டுதான் இருப்பார். நோய் உள்ளே கெடுப்பது அவருக்குத் தெரிவதில்லை, அவர் உணரும் தொந்தரவெல்லாம் மாத்திரையால்தான். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனலாபிரில் வறட்டு இருமல் தரும். நீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொண்டு எந்தப் பெண் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போவாள்? கழிப்பறை இல்லாத பேருந்து நிலையமும் பிரஷரை ஏற்றும் என்பேன், பாடப்புத்தகத்தில் அது இருக்காது.

அளவு சரியாகிவிட்டது என்று நாம் சொன்னதும், காய்ச்சல் விட்டவர்போல மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அம்லோடிபினின் வேலை உடம்பில் சில நாள் நீடிக்கும். அதனால் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்று தைரியம் வந்துவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அழுத்தத்தைக் கூட்டும். அதை நம்மிடம் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொள்ளும் வீட்டில் அதை யார் அளப்பது?

நம் பக்கத்துத் தவறும் உண்டு. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாமா என்பதைச் சொல்வதில்லை. அவர் போடாமல் வருவார், அளவு ஏறியிருக்கும், திட்டு விழும். ஒழுங்காக மாத்திரை போட்டும் 160லேயே நிற்பவருக்கோ, வரிசை நீளமாக இருக்கிறதென்று பழைய சீட்டையே எழுதித் தருகிறோம். டோஸைக் கூட்டியிருக்க வேண்டும், அல்லது இன்னொரு மருந்தைச் சேர்த்திருக்க வேண்டும்.

இனி யாரிடமும் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்காதே, "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா என்னைக்குப் போட்டீங்க? போட்டா என்ன பண்ணுது?" என்று கேள். கால் வீங்குகிறது என்று சொன்னால் உடனே டாக்டரிடம் சொல். மாற்று மருந்து இருக்கிறது.

அன்புடன்,
சித்தி