மார்க்ஸ் வீட்டுக்கு வழி எது?

படிப்புக்காக லண்டன் வந்திருக்கிறேன். மார்க்ஸ், லெனின் வாழ்ந்த இடங்களை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– ஒரு வாசகர், லண்டன்

தாராளமாக. காலையில் கிளர்கன்வெல் கிரீன், 37ஏ. இன்று மார்க்ஸ் நினைவு நூலகம். 1902-03இல் லெனின் 'இஸ்க்ரா' பத்திரிகையைக் கவனித்த சிற்றறை அங்கே இருக்கிறது. வாரநாளாகப் பார்த்து, முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

அங்கிருந்து பொடிநடையாக பிரிட்டிஷ் மியூசியம். அதன் வட்ட வாசகசாலையில்தான் மார்க்ஸின் 'மூலதன'த்துக்கான குறிப்புகள் சேர்ந்தன. லெனினும் அங்கே ஜேக்கப் ரிக்டர் என்ற பொய்ப் பெயரில் படித்தவர்தான்! அடுத்து சோஹோ, 28 டீன் தெரு. மார்க்ஸ் குடும்பம் 1850களில் வறுமையில் உழன்ற வீடு. சுவரில் நீல வட்டப் பலகை, கீழே உயர்தர உணவகம். வெளியே நின்று பாருங்கள், பர்ஸுக்கு நல்லது.

மாலை வெளிச்சத்துக்கு ஹைகேட் கல்லறை. ஆர்ச்வே நிலையத்தில் இறங்கினால் ஏற்றம், நல்ல செருப்பு வேண்டும். தனிச்சொத்தை எதிர்த்த மார்க்ஸைப் பார்க்கவும் டிக்கெட் உண்டு. அவரது பெரிய வெண்கலத் தலை 1956இல் வைத்தது. 1883இல் அவரைப் புதைத்த இடம் வேறு. உட்பாதையில், விரிசல் விட்ட தட்டைக் கல். காவலரிடம் வழி கேளுங்கள். பெரும்பாலோர் தலையோடு செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள்.