சுமை தாங்கும் சக்கரங்கள்

நுழையும்முன்

ஒரு பனியன் கடைக்கு வந்து சேருமுன் பல கைகளையும் பல சாலைகளையும் கடக்கிறது. அச்சாலைகளில் அதனைச் சுமந்து செல்பவை சிறு சரக்கு வண்டிகள். அவ்வண்டிகளின் தேய்ந்த டயர்களை மாற்றும்போது எவற்றைக் கருத்திற்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

திருப்பூரும் சரக்கு வண்டியும்

திருப்பூரில் ஓர் ஆடை முழுவதும் ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. நூற்பாலையிலிருந்து வரும் நூல், பின்னும் ஆலையில் துணியாகிறது. அத்துணி சாயப்பட்டறைக்குச் செல்கிறது. பின்னர்க் காம்பேக்டிங், வெட்டுதல், அச்சிடுதல், தைத்தல், பெட்டியில் அடுக்குதல் எனப் பல நிலைகளைக் கடந்து, ஏற்றுமதிக்காகத் தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிப் புறப்படுகிறது. இந்நிலைகளை ஒன்றோடொன்று இணைப்பவை பிக்கப் வண்டிகளும், மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் சிறு வண்டிகளுமே ஆகும்.

அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் காங்கேயம் சாலையிலும் இவை இடையறாது ஓடுகின்றன. ஓட்டுநரே உரிமையாளராக இருப்பதும் உண்டு. ஒரு டயர் வெடித்தால் அவருடைய அன்றைய வாடகை போகும். தையற்கூடம் துணியின்றிக் காத்திருக்கும். அதே சாலையில் இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியின் உயிருக்கும் இடர் நேரலாம். எனவே, டயரைத் தேர்ந்தெடுப்பது பொறுப்புமிக்க செயலாகும்.

எடையே முதல் வினா

மெல்லிய மயிற்பீலியே ஆயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துகிறார். பின்னலாடைத் தொழிலுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். தைத்து முடித்த ஆடைப் பெட்டிகள் வண்டியை நிறைத்தாலும் எடை குறைவாக இருக்கும். நூல் மூட்டைகளோ சிறிதளவு இடத்திலேயே பெரும் எடையைச் சேர்த்துவிடும். ஒரு மூட்டை 50 கிலோ எனக் கொண்டால், 30 மூட்டைகள் 1,500 கிலோ ஆகும். ஆகவே, சுமையைக் கண்ணால் அளத்தல் கூடாது. வண்டி ஏற்றும் மிகுதியான எடை எதுவோ, அதற்கேற்பவே டயர் அமைய வேண்டும். அந்த எடையும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட அளவைக் கடத்தல் ஆகாது.

பக்கச்சுவர் தரும் செய்தி

டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள எண்களும் எழுத்துகளும் அதன் திறனைக் கூறுகின்றன. எடுத்துக்காட்டாக, ‘195/80 ஆர் 15 107/105 என்’ என்னும் குறியீட்டைக் காண்போம்.

- 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் குறிக்கப்படுவது.
- 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு என்பதைக் குறிக்கும். அதாவது 156 மில்லிமீட்டர்.
- ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பு.
- 15 என்பது டயர் பொருந்தும் வட்டின் விட்டம், அங்குலத்தில் குறிக்கப்படுவது.
- 107/105 என்பன சுமைக்குறியீடுகள். ஒற்றைச் சக்கரமாயின் 975 கிலோவும், இரட்டைச் சக்கரமாயின் ஒவ்வொன்றும் 925 கிலோவும் தாங்கும்.
- ‘என்’ என்பது மணிக்கு 140 கிலோமீட்டர் வரையிலான வேகத் திறன்.

சுமை ஏறிய வண்டியின் பின்னச்சில் 1,900 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். அவ்வச்சில் இரண்டு சக்கரங்கள் இருப்பின் ஒவ்வொரு டயரும் 950 கிலோவைத் தாங்க வேண்டும். 107 என்னும் குறியீடு உடைய டயர் இதற்குப் போதுமானது. 100 என்னும் குறியீடு உடைய டயரோ 800 கிலோ மட்டுமே தாங்கும். இரண்டும் ஒரே வட்டில் பொருந்தக்கூடும். காருக்கான டயர் விலையும் குறைவாக இருக்கக்கூடும். ஆயினும், பொருந்துவதெல்லாம் தாங்குவதாகாது. வண்டி உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள அளவிலும் சுமைக்குறியீட்டிலும் குறையாத டயரையே வாங்க வேண்டும்.

‘8 பி.ஆர்.’ என்பது போன்ற குறிப்பும் சில டயர்களில் காணப்படும். இது டயரின் வலிமைத் தரத்தைக் குறிக்குமேயன்றி, உள்ளே எட்டு அடுக்குகள் உள்ளன எனப் பொருள்படாது.

காலமும் தேய்மானமும்

ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமையடையும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் டயர் உருவான காலத்தைக் காட்டும். ‘2322’ என்றிருப்பின் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்பது பொருள். வாங்கும்போது இதனையும், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தவறாது பார்க்க வேண்டும்.

ஓட்டுநர்கள் ‘பட்டன்’ எனக் குறிப்பிடும் மேற்புறக் கட்டங்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள், மழைநீரை வெளியேற்றிச் சாலையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. அப்பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் அமைக்கப்பட்டிருக்கும். மேற்புறம் தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால் டயரை மாற்றியே ஆக வேண்டும். மொட்டை டயர் ஈரச்சாலையில் வழுக்கும்.

தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் முறையும் வழக்கில் உள்ளது. உட்கட்டு நல்ல நிலையில் இருந்தாலன்றி இதனை ஏற்கலாகாது. திசைதிருப்பும் முன்சக்கரங்களில் இத்தகைய டயரைத் தவிர்ப்பதே நலம். ஒரே அச்சில் ரேடியல் டயரையும் நைலான் டயரையும் கலந்து பொருத்துவது வண்டியின் நிலைப்பாட்டைக் குலைக்கும்.

காற்றும் வெப்பமும்

சுமையை உண்மையில் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்றே ஆகும். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் மிகுதியாக மடிந்து விரியும், அதனால் வெப்பம் பெருகும், உட்கட்டு தளரும், முடிவில் டயர் வெடிக்கும். கோடை வெயிலில் நெடுந்தொலைவு செல்லும்போது இவ்விடர் மேலும் கூடும். எனவே, காலையில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையிலேயே காற்றழுத்தத்தை அளத்தல் வேண்டும்.

விலையும் மதிப்பும்

6,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டரும், 8,000 ரூபாய் டயர் 64,000 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். முன்னதற்குக் கிலோமீட்டருக்கு 15 காசும், பின்னதற்கு 12.5 காசும் செலவாகும். குறைந்த விலை எப்போதும் குறைந்த செலவன்று என்பதை இக்கணக்கு தெளிவாக்குகிறது. டயர் வாங்கும் பணம், ஓட்டுநரின் உழைப்பையும் வழிச்செல்வோரின் உயிரையும் காக்கும் பணமாகும்.

தெரியுமா?

மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். பிரிட்டனின் வேல்சு பகுதியிலுள்ள லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில், 1904ஆம் ஆண்டில் உருவான மாற்றுச் சக்கரத்தால் இப்பெயர் வந்தது. சங்ககால உமணர்கள் உப்பு வண்டியின்கீழ் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதனைச் ‘சேம அச்சு’ எனப் புறநானூறு குறிப்பிடுகிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் ஓடும் சரக்கு வண்டி ஒன்றின் டயர்க் குறியீட்டை எழுதி, அதன் பொருளை விளக்குக.
2. ஓட்டுநர் ஒருவரிடம் டயர் பராமரிப்புக் குறித்து நேர்காணல் நிகழ்த்தி வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

*குறுவினா:* சுமைக்குறியீடு என்றால் என்ன?

*சிறுவினா:* காற்றழுத்தம் குறைவதால் டயர் வெடிப்பது எவ்வாறு?

*நெடுவினா:* ‘பொருந்துவதெல்லாம் தாங்குவதாகாது’ – பாடக்கருத்தின் துணைகொண்டு விளக்குக.