கணையத்தில் கட்டி: எல்லாம் வெறும் நீர்க்கட்டி அல்ல!

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மேல்வயிறு வலித்தால், "நேத்து சாப்பிட்ட பால்கோவா ஒத்துக்கலை" என்று சொல்லிவிடலாம். ஆனால் வலி விடாமல் தொடர்ந்தால் ஸ்கேன் எடுப்பது நல்லது. அதில் கணையத்தில் கட்டி தெரிந்தால், "நீர்க்கட்டிதானே, உறிஞ்சி எடுத்துட்டா போச்சு" என்று அலட்சியம் வேண்டாம்.

குடி, பித்தப்பைக் கல் போன்றவற்றால் கணையம் வீங்கி, அதன்பின் வருவது போலி நீர்க்கட்டி. பல தானாகவே வற்றிவிடும். கோழை சுரக்கும் கட்டி அப்படியல்ல. நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியது. உறிஞ்சினாலும் மறுபடி நிரம்பும்.

இரண்டு வகை

ஒன்று, பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, கணையத்தின் வால் பக்கம் வரும். மற்றது கணையக் குழாய்க்குள் வளரும். வயதான ஆண், பெண் இருவருக்கும் வரும்.

கண்டுபிடிப்பது எப்படி?

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் உதவும். சந்தேகம் தீராவிட்டால், ஸ்கேன் வசதியுள்ள எண்டோஸ்கோப் மூலம் ஊசி செலுத்தித் திரவம் எடுப்பார்கள். அதில் 'சி.இ.ஏ.' மிகுந்திருந்தால் கோழைக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள்.

சிகிச்சை

முதல் வகைக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், பொதுவாக ஆபரேஷன்தான். இரண்டாவது வகையில், பிரதானக் குழாய் 10 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் ஆபரேஷன் தேவைப்படும். கிளைக் குழாயில் உள்ள சிறு கட்டியை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதற்கான அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டு போங்கள். மஞ்சள்காமாலை, உடல் மெலிவு, திடீர் சர்க்கரை நோய் தலைகாட்டினால் தாமதிக்கவே கூடாது!